பதினோரு ஜுவான்

காகிதத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டுதான் கங்கப்பன் வேலையை ஆரம்பிப்பார். இடது கையில் வாடிக்கையாளர் அனுப்பிய பட்டியல். வலது கை ஆள்காட்டி விரல், கல்லின் மேல் ஒட்டிய ரப்பர் ஷீட்டில் வெட்டியிருக்கும் எழுத்துகளைத் தொட்டுத் தொட்டுக் கடைசி வரியிலிருந்து மேலே ஏறி வரும். நேராகப் பார்த்தால் பாதி எழுத்தைக் கண்ணே இட்டுக்கட்டிவிடுமாம். "தலகீழா பாத்தா அது வெறுங்கோடு. கோடு பொய் சொல்லாது" என்பார். அஞ்சாவதோடு பள்ளிக்கூடத்தை விட்ட மனிதர். இங்கிலீஷ் பெரிய எழுத்து இருபத்தாறும் தெரியும். கூட்டி மெல்லச் சொல்லிவிடுவார். அர்த்தம் கேட்டால் கையை விரிப்பார்.

சூளகிரிக்கு வெளியே, ஹைவேயை ஒட்டிய கருங்கல் கம்பெனி. எந்தெந்த ஊரிலோ செத்தவர்களுக்கு இங்கிருந்துதான் கல் கப்பலேறும். ரப்பரில் எழுத்தைக் கம்ப்யூட்டர் மிஷின் வெட்டித் தரும். வெட்டிய இடத்தில் காற்றோடு மணலைப் பீச்சினால் கல் குழிந்து எழுத்தாகும். பீச்சுவது கங்கப்பன், பத்தொன்பது வருஷமாக. ஹெல்மெட்டைக் கழற்றினால் முகம் மட்டும் மனுஷ நிறத்தில் இருக்கும், கழுத்துக்குக் கீழே சாம்பல். எண்ணுவது தெலுங்கில், திட்டுவது கன்னடத்தில், பாக்கியெல்லாம் தமிழில். ஒரு கல்லைக்கூட இதுவரை பாழாக்கியதில்லை என்பதை அவராகச் சொல்ல மாட்டார். யாராவது சொன்னால் மறுக்கவும் மாட்டார்.

புரட்டாசியில் கலிபோர்னியாவிலிருந்து ஓர் ஆர்டர் வந்தது. ஆளுயரக் கறுப்புக் கல். அதில் நூற்று நாற்பத்து மூன்று பெயர்கள். ஒரே கல்லில் இத்தனை பேரா என்று கம்ப்யூட்டர் ரூம் சுஜாதாவிடம் கேட்டார். கூட வந்த கடிதத்தைப் படித்துவிட்டு அவள் சொன்னாள்.

"ஸ்பெயின்காரங்க எரநூத்தம்பது வருஷத்துக்கு முந்தி கப்பல்ல போயி அந்தக் கரையில எறங்கியிருக்காங்கண்ணா. சாமியாருங்க, கூடவே சிப்பாயிங்க. கோயில் கட்டி, அங்க இருந்த ஜனங்களக் கூட்டியாந்து, ஞானஸ்நானம்னு தண்ணி ஊத்திப் பேரு மாத்தி, அங்கயே வெச்சிக்கினாங்களாம். ஏரு ஓட்ட, செங்கல்லு அறுக்க, மாடு மேய்க்க."

"திரும்பிப் போறேன்னா?"

"விட மாட்டாங்களாம். ஓடுனா சிப்பாய் போயி புடிச்சாந்துருவான். அப்புறம் அம்மை, காய்ச்சல்னு வந்து கும்பல் கும்பலா செத்துட்டாங்க. கோயிலுக்குப் பக்கத்துலயே பொதைச்சிட்டு ஒரு கல்லுகூட நடல. இப்ப அவங்க வம்சத்து ஆளுங்க நடறாங்க."

"அவங்க அப்பன் ஆயி வெச்ச பேரு?"

"அது கெடைக்கலயாம். சாமியாரு நோட்டுல இருக்கற பேருதான் இது."

கங்கப்பன் போய்க் கல்லைக் கழுவினார்.

மறுநாள் மத்தியானம் ரப்பர் ஒட்டியாயிற்று. வழக்கம்போல விரல் அடியிலிருந்து ஏறி வந்தது. நாலாவது வரியிலேயே நின்றுவிட்டது. பட்டியலில் அந்த இடத்தில் ஒரு ஜுவான் இருந்தான், கல்லில் இல்லை. கொஞ்சம் மேலே போனால் ஒரு மரியாவைக் காணோம். எண்ணிப் பார்த்தார். பட்டியலில் நூற்று நாற்பத்து மூன்று. கல்லில் எண்பத்தெட்டு.

நடந்தது இதுதான். பட்டியலில் ஒவ்வொரு பெயருக்கும் முன்னால் சாமியாரின் நோட்டு நம்பர் இருந்தது. கல்லில் நம்பர் வேண்டாம் என்று எழுதியிருந்ததால் சுஜாதா அதை எடுத்தாள். எடுத்த பிறகு பார்த்தால் ஒரே பெயர் திரும்பத் திரும்ப நின்றது. யாரோ தப்பாக அடித்துவிட்டார்கள் என்று நினைத்தாள். திரும்ப வருவதைத் தானே எடுத்துவிட ஒரு பட்டன் உண்டு. அமுக்கிவிட்டாள். ஐம்பத்தைந்து பேர் போய்விட்டார்கள். நடுவிலிருந்த ஏஜென்ட் ஓரத்துப் பூ டிசைனை மட்டும் பார்த்துவிட்டு ஓகே போட்டுவிட்டார்.

சூப்பர்வைசர் விமல்ராஜ் வந்தார். சின்ன வயசு, சதா அவசரம்.

"ஒரே பேரு டபுள் டபுளா வந்திருந்துச்சி, எடுத்தாச்சு. டிராயிங் அப்ரூவ் ஆயிடுச்சிண்ணா. நாளைக்குக் கன்டெய்னர். மணலப் போடு."

"நம்பரு வேற வேறயா இருக்குது பாரு, விமலு."

"செத்து எரநூறு வருஷம் ஆச்சு. உனக்கு என்ன, பங்காளிங்களா?"

"எங்க ஊர்ல மொத ஆம்பளப் புள்ளைக்கு ஊருசாமி கங்கம்மா பேருதான் வெக்கணும். ஒம்போது கங்கப்பன் இருக்கறம். லாரிக் கங்கப்பன், பம்புசெட்டுக் கங்கப்பன், நான் கல்லுக் கங்கப்பன். ஒம்போது பேரும் செத்தா ஒரே குழி போதும்னுவியா?"

விமல்ராஜுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டார். "அப்ரூவ் ஆனத மாத்தி, கல்லு ரிஜெக்ட் ஆனா ஓனர் என்னை விட மாட்டாரு. கன்டெய்னர் போச்சுன்னாலும் விட மாட்டாரு. நீ போடலன்னா திங்கக்கெழமையில இருந்து லோடிங் செக்ஷன். உன் முதுகுக்கு எத்தன நாளு தாங்கும், நீயே சொல்லு."

"கல்லுல போட்டுட்டா அப்புறம் யாரு வந்து சேக்கறது? நான் போட மாட்டன். வேற ஆள வெச்சிப் போட்டுக்கோ."

மணலுக்குக் காற்று தரும் கம்ப்ரஸரின் சுவிட்சுக்குக் கீழே ஒரு மரப்பெட்டியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். வேறு ஆட்கள் இருந்தார்கள். இவ்வளவு பொடி எழுத்துக்குத் துணிகிற கை இல்லை. அது இரண்டு பேருக்குமே தெரியும்.

விமல்ராஜ் போனை எடுத்துக்கொண்டு வெளியே போனதும் சுஜாதா வந்தாள். "அண்ணா, பட்டன் அமுக்கினது நாந்தான். தெரிஞ்சா அனுப்பிருவாங்க."

"நீ ஒண்ணும் சொல்லாத. பட்டியலையும் கல்லையும் போட்டோ புடி. ஏஜென்ட்டுக்கு வேணாம், அந்த ஊருக்கே அனுப்பு. இது சரியான்னு மட்டும் கேளும்மா. யாரு கேக்கறான்னா, கல்லுக் கங்கப்பன்னு போடு."

அன்று சாயங்காலம் வரைக்கும் அவர் பெட்டியை விட்டு எழுந்திருக்கவில்லை. மறுநாள் ஷிப்ட் தொடங்கும்போது பதில் வந்திருந்தது. பட்டியலைத் தொகுத்த பெண்மணியே எழுதியிருந்தார். சுஜாதா ஷெட் வாசலில் நின்று படித்துச் சொன்னாள். எல்லாரும் வேறு வேறு ஆட்கள். ஜுவான் மட்டும் பதினோரு பேர். அதில் இரண்டு பேர் அப்பாவும் மகனும், ஒரே வாரத்தில் போனவர்கள். இடம் பத்தாவிட்டால் எழுத்தைச் சின்னதாக்குங்கள், ஒருவரையும் விடவேண்டாம். கப்பல் தள்ளிப்போனால் போகட்டும்.

கங்கப்பன் கேட்டது ஒன்றே ஒன்று. "அப்பனும் மகனும் பக்கத்துப் பக்கத்து வரியா?"

"இல்லண்ணா. நடுவுல ஆறு பேரு."

"சரி, இருக்கட்டும். செத்துப்போன வரிசை அது."

புது ரப்பர், பொடி எழுத்து. இரண்டு நாள் மணல். கல் ஏறாமலே கன்டெய்னர் போனதற்கு ஓனரிடம் வாங்கிக் கட்டிக்கொண்ட விமல்ராஜ் இரண்டு நாளும் இந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. சனிக்கிழமை ரப்பரை உரித்து, தண்ணீர் அடித்து, துடைத்து முடித்திருந்தபோது இரண்டு கிளாஸ் டீயோடு வந்தார். கல்லைச் சுற்றி ஒரு நடை நடந்தார். பிறகு, அந்த ஷெட்டில் எல்லாரும் செய்வதுபோல, ஒரு கிளாஸைக் கல்லின் மேலேயே வைத்தார்.

"குடிண்ணா. லோடிங்குக்கு வேற ஆள் பாத்தாச்சு."

கங்கப்பன் கிளாஸை எடுத்தார். அது வைத்திருந்த இடத்தில் ஈர வட்டம் விழுந்திருந்தது. தோள் துண்டின் நல்ல பக்கமாகப் பார்த்து அதைத் துடைத்தார். பக்கத்தில் காலி பெஞ்சு இருந்தும் உட்காரவில்லை. சூடான கிளாஸைக் கை மாற்றிக் கை மாற்றிப் பிடித்தபடி, நின்றுகொண்டே குடித்தார்.