ஹோய்ட் வரைந்த யோர்தான்

என் வீட்டுக்காரர் ஹோய்ட் காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பிறந்த மனுஷன். மர அறுவை மில்லிலிருந்து ஓய்வு பெற்றால் அடங்குவார் என்று நினைத்தேன். எங்கே! கூரைத் தகரம், பழைய ஃப்ரிட்ஜ் கதவு, என் கோழிக்கூட்டுப் பலகை, எது கண்ணில் பட்டாலும் மிச்சம் மீதி வீட்டுப் பெயின்ட்டை எடுத்துப் படம் போட ஆரம்பித்துவிட்டார். யாரிடமும் கற்றதில்லை. அலபாமாவில் எங்கள் மூலைக்கு அட்லாண்டாவிலிருந்து ஆட்கள் காரில் வந்து வாங்கிப் போனார்கள். விற்ற படத்தில் மாட்டு வால் சரியில்லை என்று அந்தக் காரையே துரத்தி ஓடியவர் அவர்.

ஊர்க்காரர்கள் எல்லோரும் அவர் படங்களில் உண்டு. ஓடையில் மூழ்கிப்போன எங்கள் மகன் ராய்ஸ் மட்டும் கிடையாது. வரைவார், உடனே துடைப்பார். "முகம் வரமாட்டேங்குதுடி, நெட்டி" என்பார்.

எங்கள் சபைக் கோவிலில், ஆளை முழுசாக முக்கி எடுக்கும் ஞானஸ்நானத் தொட்டியின் பின்சுவரில், இயேசு ஞானஸ்நானம் பெற்ற யோர்தான் நதியை வரையச் சொன்னார்கள். எங்கள் ஓடையையே வரைந்து வைத்தார், கெளுத்தி மீன் உட்பட. அதோடு விட்டாரா? வாரா வாரம் போய் எதையாவது மாற்றினார்.

பாஸ்டர் பர்விஸ் கடுப்பாகிவிட்டார். "இன்னொரு தடவ பிரஷ்ஷத் தொட்டீங்க, சுவத்துக்கு வெள்ளையடிச்சிடுவேன், ஹோய்ட் அண்ணே!"

ராய்ஸ் போனதிலிருந்து தண்ணீரில் இறங்க மாட்டேன் என்று வீம்பு பிடித்த நான், அந்த ஈஸ்டருக்கு ஞானஸ்நானம் எடுக்க ஒத்துக்கொண்டேன். தொட்டிக்கு முன்னால் இருந்த திரை விலகியது. வெள்ளை அங்கியோடு, கண்ணை இறுக மூடிக்கொண்டு இறங்கினேன். பாஸ்டர் என்னை முக்கியதும் உயிரே போய்விட்டது. பதறி எழுந்து சுவரைப் பிடித்தேன். கையெல்லாம் சிவப்பு.

"ஐயையோ, ரத்தம்!" என்று பாட்டுக்குழுவில் யாரோ அலறினார்கள்.

ரத்தமில்லை. ஹோய்ட் முந்தின நாள் திருட்டுத்தனமாகப் போட்ட பெயின்ட் காயவே இல்லை. சுவரில், இடுப்பளவு தண்ணீரில் ராய்ஸ் நின்று சிரித்துக்கொண்டிருந்தான். அதே முகம். அவன் சிவப்புத் தொப்பியைத்தான் நான் அழித்திருந்தேன்.

"சொன்னேனா இல்லையா? நாளைக்கே வெள்ளையடிக்கிறேன்!" என்றார் பாஸ்டர்.

"அடிச்சுத்தான் பாருங்களேன்! அது என் புள்ள!"

தொட்டியில் நின்றபடியே கத்தினேன். பாஸ்டர் என்னைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார்.

"சரிம்மா... இருக்கட்டும்" என்றார்.

மறுநாள் காலையிலேயே ஹோய்ட் பெயின்ட் டப்பாவோடு கிளம்பிவிட்டார். "தொப்பிய அழிச்சிட்டியேடி. மறுபடி போடணும்."

"இருங்க, நானும் வரேன்" என்றேன். "நீங்க போட்டதே தப்பு. அவன் தொப்பியப் பின்னால திருப்பித்தானே போடுவான்?"