நாற்பத்தொரு பேர் ஜன்னல் பக்கம்

பள்ளிக்கூடத்தில் போட்டோ எடுப்பவர்களுக்கு இரண்டே தலைவலி: கண் சிமிட்டுகிறவர்கள், சிமிட்டாதே என்றதும் முறைக்கிறவர்கள். சின்ன வயது வகுப்புப் போட்டோவில் அரைக்கண் மூடி நின்று, அதை இன்னும் பீரோவுக்குள் ஒளித்து வைத்திருக்கும் சகோதர சகோதரிகளே, என் கதையையும் கொஞ்சம் கேளுங்கள்.

ஆம்பூரில் எனக்கு ஒரு சின்ன ஸ்டுடியோ. இந்த வருடம் ஒரு பெண்கள் பள்ளியின் பிளஸ் டூ மாணவிகள் நாற்பத்திரண்டு பேரும் பிரிவு விழா ஆல்பத்துக்கு “பழைய ஸ்டைல்ல வேணும்” என்று ஒற்றைக்காலில் நின்றார்கள். கம்ப்யூட்டரில் செய்துவிடலாம்தான். ஆனால் அந்தக் காலத்தில் நிஜமாகவே எப்படி எடுத்தார்கள் என்ற அரிப்பு என்னைப் பிடித்துக்கொண்டது.

திட்டுத் திட்டாக ஒரு திரை

பழைய படங்களில் பின்னால் மேகம் போல ஒரு பழுப்புத் திரை இருக்குமே, அதற்காகப் பெட்ஷீட்டில் சுவருக்கு அடிக்கிற டிஸ்டெம்பரை ஸ்பாஞ்சால் ஒற்றி ஒற்றி எடுத்தேன். காய்ந்ததும் பார்த்தால் எனக்கே சகிக்கவில்லை. ஆனால் திரையை ஆறடி பின்னால் தள்ளி, ஒரு பெண்ணை முன்னால் உட்கார வைத்து, கேமரா வழியாகப் பார்த்தேன். திட்டெல்லாம் கரைந்து அப்படியே அந்த மேகம்! நான் துள்ளிக் குதிக்காத குறை. கேமராவுக்குள் பார்க்காத ஒருத்தி மட்டும் திரையையே உற்றுப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: “அக்கா, இது எங்க வூட்டு பாத்ரூம் சுவரு மாதிரியே கீது.”

வாசலின்

முகத்தைச் சுற்றிப் பனி படர்ந்த மாதிரி வர, லென்ஸுக்கு முன்னால் ஒரு கண்ணாடி பில்டரை மாட்டி, அதன் ஓரத்தில் வாசலின் தடவ வேண்டும். எவ்வளவு என்று எங்கும் எழுதியிருக்கவில்லை. முதல் ஐந்து பேர் குளியலறையிலிருந்து எட்டிப் பார்ப்பது போல மங்கலாக வந்தார்கள்; ஆடியதால்தான் என்று அவர்களைத் திட்டினேன். வகுப்பாசிரியை ரேவதி மிஸ் என் விரலையும் டப்பாவையும் மாறி மாறிப் பார்த்தார். “ஏம்மா, உதட்டுக்குப் பூசுறத கண்ணாடிக்குப் பூசிட்டு, பசங்களை ஆடாதேன்னு திட்டுறியே!”

இரட்டைத் தலை

கீழே நேர்முகம், மேலே அந்தரத்தில் அதே பெண்ணின் பக்கவாட்டு முகம். கறுப்பு வெல்வெட்டுக்கு முன்னால் நிற்க வைத்து, ஒரே படத்தில் இரண்டு தடவை எடுத்தால் வரும். பதினோரு முயற்சிக்குப் பிறகு ஒன்று ஒழுங்காக வந்தது. பெருமையோடு காட்டினேன். படத்தில் இருந்தவள் அதைக் கிட்டே வைத்துப் பார்த்தாள். “மேல கீறவ கீழ கீறவள திரும்பிக்கூடப் பார்க்க மாட்றா. ரெண்டு பேருக்கும் இன்னா சண்டை?”

ஷப்னம்

கடைசியில் எல்லாருக்கும் பிடித்தது எளிய போஸ்: ஜன்னல் பக்கம் முகத்தை அரைவாசி திருப்பி, மோவாயைக் கொஞ்சம் தூக்கி. அப்படித் திரும்பினால் இடது கன்னம் மறைந்துவிடும். அந்த நாற்பத்திரண்டு பேரில் ஒருத்தியான ஷப்னத்துக்கு இடது கன்னத்தில்தான் தழும்பு. குழந்தையாக இருந்தபோது சூடான டீ கொட்டியதாம். மூன்று வருடமாக இந்தப் பள்ளியின் குரூப் போட்டோவை எடுப்பது நான்தான். ஒவ்வொரு வருடமும் அவளைப் பின்வரிசையில் உயரமானவளுக்குப் பின்னால் நிறுத்தியதும் நான்தான். நல்லது செய்வதாகத்தான் நினைத்தேன். பள்ளியில் அவளுக்கு இதுதான் கடைசிப் போட்டோ, முழு முகம் தெரிகிற படம் ஒன்றுகூட இதுவரை இல்லை. ஜன்னல் பக்கம் திரும்பிய படத்தைக் காட்டினேன். “நல்லாதான் கீது அக்கா. ஆனா யாரு இது?”

மறுபக்கம் திருப்பி எடுக்கச் சொன்னாள். எடுத்தேன். அற்புதமாக வந்தது.

ஒரு தட்டு

ரேவதி மிஸ் ஒப்புக்கொள்ளவில்லை. ஆல்பத்தில் எல்லாரும் ஒரே பக்கம் பார்க்க வேண்டுமாம். சரி, எதற்கு வம்பு என்று கம்ப்யூட்டரில் ஒரு தட்டுத் தட்டி, ஷப்னத்தின் படத்தைக் கண்ணாடியில் தெரிவது போல இடம் வலமாக மாற்றிவிட்டேன். அவளும் ஜன்னல் பக்கம் பார்த்தாள், தழும்பும் தெரிந்தது. என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

சனிக்கிழமை அவள் மாதிரிப் பிரிண்டோடு கடைக்கே வந்துவிட்டாள். இடது பக்கம் குத்தியிருந்த பள்ளி பேட்ஜ் படத்தில் வலது பக்கம் இருந்தது. அவள் அதைச் சொல்லவில்லை. தன் கன்னத்தைத் தொட்டுக் காட்டினாள். “எனக்கு இந்தப் பக்கம் அக்கா. ஸ்கூல் ரெஜிஸ்டர்லயே எழுதி கீது, ‘இடது கன்னத்தில் ஒரு தழும்பு’ன்னு. நீங்க எப்டி மாத்தலாம்?”

எனக்கு வெட்கமாக இருந்தது. அவள் முகத்தை ஒளித்தபோது வராத வெட்கம், இடம் மாற்றியதும் வந்தது.

ஆல்பம்

மிஸ்ஸிடம் போய்ச் சண்டை போட்டேன். அவள் படத்தை மாற்றாமல் போடாவிட்டால் ஆல்பமே கிடையாது என்றும் சொல்லிவிட்டேன். ஷப்னத்தின் படம் எடுத்தபடியே அச்சானது. மிஸ் அந்தப் பக்கத்தைத் திறந்து, மற்றவர்கள் படங்களோடு ஒத்துப் பார்த்தார். பிறகு, “எல்லாரும் ஜன்னலைப் பார்க்கிறாங்க. இவ ஒருத்திதான் மத்தவங்களைப் பார்க்கிறா” என்றார்.

பதினைந்து வருடமாக “இப்படித் திரும்பு, அப்படித் திரும்பு” என்று கத்தியே பிழைக்கிற நான், எந்தப் பக்கம் வேண்டும் என்று ஒருத்தியையும் கேட்டதே இல்லை.