ஒன்பது கிலோ மாப்பிள்ளை

அடுக்களை மேடையில் உட்கார்ந்திருந்த மாவு பிசையும் மெஷினின் நடுமண்டையில் டெய்லரக்கா ஒரு கறுப்புக் குண்டூசியைக் குத்தினார். அலமாரிக் கதவைத் திறக்கப் போன மகளின் முழங்கையை அது பதம் பார்த்துவிட்டது. அதற்கான தண்டனை. மெஷினுக்கு வலிக்காது. அது துணி.

தலையிலிருந்து அடிவரை காடாத்துணி. வளைந்த கழுத்து உண்டு, கழுத்துக்குக் கீழே கிண்ணம் உண்டு, வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் குமிழுக்குப் பதிலாக ஒரு பெரிய கோட்டுப் பட்டனும் உண்டு. வயிற்றுக்குள் கடையில் மிஞ்சிய வெட்டுத் துணிகள். அடியில் ஒரு பை நிறைய இரும்பு. ஓடாது, அவ்வளவுதான் குறை. உண்மையான மெஷினை வாங்கலாமா வேண்டாமா என்று முடிவு செய்வதற்காக, அச்சு அசலாக அதே அளவில் அக்கா தைத்து வைத்த மாதிரி அது. ஒரு மாதம் அதோடு குடித்தனம் நடத்திப் பார்ப்பது, பிறகு பேசிக்கொள்வது என்று ஏற்பாடு.

இருபத்திரண்டு வருடத் தையலில் ஊறிப்போன புத்தி. யாருடைய நல்ல துணியிலும் கத்தரி வைப்பதற்கு முன், மலிவான காடாவில் ஒன்றைத் தைத்து உடம்பில் மாட்டிப் பார்த்துவிடுவார். "தையல்ல தப்பு வந்தா பிரிச்சிடலாம். வெட்டுல தப்பு வந்தா உக்காந்து அழ வேண்டியதுதான்" என்பது கடைக்கு வருகிறவர்கள் எல்லோருக்கும் மனப்பாடம். சிலர் அக்கா வாயைத் திறக்கும் முன்பே சொல்லிவிட்டு டேப்புக்குக் கையைத் தூக்கிக்கொண்டு நிற்பார்கள்.

இந்தப் புத்தி கடையைப் பூட்டினால் கடையிலேயே தங்கிவிடும் ரகம் இல்லை. சோபா வாங்கும் முன், அதன் அளவுக்குக் கூடத்தில் செய்தித்தாளை விரித்து ஒட்டி, பதினைந்து நாள் யாரும் மிதிக்கக் கூடாது, சுற்றித்தான் போக வேண்டும் என்று சட்டம் போட்டார். பார்சல் கொண்டுவந்தவர்கூட வாசலில் நின்று, "இதைத் தாண்டலாமாக்கா, இல்ல சாமான் வரப்போகுதா?" என்று கேட்டார். மகளுக்குப் படிக்கும் மேசை வாங்கும் முன் மூன்று வாரம் அந்த மூலையில் இஸ்திரிப் பலகை நின்றது. மகள் அதிலேயே படித்து ஒரு பரீட்சையில் தேறிவிட்டதால், மேசை வாங்கும் பேச்சு ஆறு மாதம் தள்ளிப்போனது.

"என்னைக் கட்டிக்கிறதுக்கு முன்னாடி மட்டும் மாதிரி தைச்சுப் பாக்க வழியில்லாமப் போச்சு" என்பார் கணவர், வீட்டுக்கு வருகிறவர்களிடம். அவர் லிஃப்ட் மெக்கானிக்.

"அதனாலதான் அதுக்கப்புறம் எல்லாத்துக்கும் பாக்குறேன்" என்பார் அக்கா, வாயில் கவ்விய குண்டூசி விழாமல்.

மெஷின் பேச்சு வந்தது ரொட்டியால். ஞாயிற்றுக்கிழமை என்றால் அக்கா ரொட்டி சுடுவார். இரண்டு கிலோ மாவு, நான்கு ரொட்டி: வீட்டுக்கு இரண்டு, நாத்தனாருக்கு ஒன்று, மாடிப்படியில் முதலில் எதிர்ப்படுகிறவர்களுக்கு ஒன்று. வாரம் முழுக்க ஊரார் உடம்புக்கு ஏற்றபடி வளைந்து கொடுத்துவிட்டு, அந்த ஒரு நாள்தான் தனக்கு ஏற்றபடி எதையாவது வளைப்பது. இருபது நிமிடம் அறைந்து, மடித்து, உருட்டி, காதுமடலைத் தொடுவதுபோல் மாவு மெத்தென்று ஆகும்வரை விடமாட்டார். காலர் வளைந்துவிட்டது என்று திரும்பி வந்தவர், வாங்கிய சட்டையைப் போட்டுக் கிழித்துவிட்டுத் தையல் சரியில்லை என்றவர், எல்லோரும் அந்த மாவுக்குள் போய்விடுவார்கள். வேறு யாரும் தொடக் கூடாது. மகள் பத்து வயதில் ஒரு விரலை அழுத்திப் பார்த்ததற்கு வாங்கிய திட்டு இன்னும் அவளுக்கு ஞாபகம்.

இப்போது அந்த வலது மணிக்கட்டுதான் தகராறு செய்கிறது. ஜாடி மூடியைத் திறக்க முடியவில்லை. ஈரத்துணியைப் பிழியும்போது கண்ணில் நீர் வருகிறது. டாக்டர் அழுத்திப் பார்த்துச் சொன்னதை அக்கா இரண்டு இஞ்சு உள்ளே பிடித்துத் தைத்து வீட்டில் சொன்னார்: "பாத்துப் பண்ணுங்கன்னாரு, வேற ஒண்ணுமில்ல."

"பாத்துப் பண்றதுன்னா மெஷின் வாங்குறதுதான்" என்று கணவர் அன்றே பிடித்துக்கொண்டார். மோட்டார் உள்ள எதுவும் அவருக்குச் சொந்தக்காரர் மாதிரி. "எண்ணூறு வாட்டும்மா! கல்லைப் போட்டாக்கூடப் பிசைஞ்சு குடுத்துடும்."

"எனக்கு எதுக்குங்க கல்லு ரொட்டி?"

அந்த வாரம்தான் நாத்தனார் தன் மெஷினைத் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு கடைக்கு வந்தார். தூசி படியாமல் இருக்க அதற்கு ஓர் உறை வேண்டுமாம்.

"தூசி படியற அளவுக்கா வச்சிருக்கே? எத்தனை தடவை ஓட்டுனே?"

"மூணு தடவை அண்ணி. ரெண்டு தடவை கேக்கு. ஒருதடவை சும்மா, விருந்தாளிங்க வந்திருந்தாங்க, ஓட்டிக் காட்டுனேன்."

"அப்புறம்?"

"அலமாரி மேல ஏத்தியாச்சு. இறக்குறதுக்கு எங்க வீட்டுக்காரர் ஊர்ல இருக்கணும். ஆனா கலர் நம்ம சுவருக்கு அப்படியே பொருந்துது அண்ணி."

உறைக்கு அளவெடுத்த டேப்பாலேயே தனக்கும் ஒன்றை அக்கா அளந்துகொண்டார். உறை ஒன்று, மாதிரி ஒன்று. எடை ஒன்பது கிலோ என்று நாத்தனார் சொல்ல, கணவர் பட்டறையிலிருந்து பழைய போல்ட்டும் நட்டுமாக ஒரு பை கொண்டுவந்து நிறுத்துப் போட்டார். மேடையில் ஏற்றியதும் ஒருமுறை சுற்றிவந்து பார்த்தார். "ஒரு வேலையும் செய்யாது. நடு இடத்துல உக்காந்துக்கும். நாமதான் ஒதுங்கிப் போகணும். மாப்பிள்ளை வந்துட்டாருடி!" என்று மகளைக் கூப்பிட்டார். பெயர் நிலைத்துவிட்டது.

அக்காவின் சட்டம் இது: மாப்பிள்ளை இடைஞ்சல் என்று தோன்றும் ஒவ்வொரு தடவைக்கும் ஒரு கறுப்புக் குண்டூசி. மெஷின் இருந்திருந்தால் கை தப்பித்திருக்கும் என்று தோன்றும் ஒவ்வொரு தடவைக்கும் ஒரு சிவப்பு. கறுப்பை வீட்டில் யார் வேண்டுமானாலும் குத்தலாம். சிவப்பை அக்கா மட்டும்தான் குத்தலாம். வலி அவருடையது.

ஓட்டை அங்கேதான் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை மாவை அறையும்போது மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை சுரீரென்று ஒரு கம்பி இழுக்கும். அக்கா நின்று, மூச்சை விட்டு, சிவப்பு டப்பாவைப் பார்த்துவிட்டு, மாவுக்கே திரும்பிவிடுவார். மாவுக்குக் கை போதவில்லை என்று இன்றைக்கு ஒப்புக்கொண்டால், நாளைக்குக் கத்தரிக்குக் கை போதுமா என்று யாராவது கேட்பார்கள். அந்தக் கேள்விக்கு மாதிரி எதையும் அக்கா தைத்து வைத்திருக்கவில்லை.

மூன்றாவது வாரத் திங்கட்கிழமை, கேள்வி தானாகவே வந்தது. ஒரு மருத்துவமனை ஊழியர்களின் சட்டைக்குப் பச்சைத் துணியை வெட்டிக்கொண்டிருந்தார். முதுகுப் பக்கம், நீளமான வெட்டு. பாதியில் விரல்கள் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. கத்தரி கோட்டை விட்டு இரண்டு இஞ்சு உள்ளே போய்விட்டது. இருபத்திரண்டு வருடத்தில் முதல் தடவை. அக்கா உட்கார்ந்து அழவில்லை. அதே பச்சையில் துணி தேடி வாங்கி, மெதுவாக வெட்டி, சொன்ன நாளில் கொடுத்துவிட்டார். கெட்டுப்போன துண்டை வீட்டுக்குக் கொண்டுவந்து, மாப்பிள்ளையின் முதுகுத் தையலைப் பிரித்து, வயிற்றுக்குள் திணித்து, மறுபடி தைத்தார். அந்த வீட்டில் யாரும் திறந்து பார்க்காத ஒரே இடம் அதுதான்.

மாதம் முடிந்த ஞாயிற்றுக்கிழமை எண்ணிப் பார்த்தார்கள். கறுப்பு பதினொன்று. சிவப்பு இரண்டு.

"மாப்பிள்ளை தோத்துட்டார்" என்றார் அக்கா. குரலில் ஒரு துள்ளல். ஈஸ்ட்டை வெதுவெதுப்பான நீரில் கரைத்து வைத்துவிட்டு, மாவுப் பொட்டலத்தைப் பிரித்தார்.

கணவர் காலையிலேயே எங்கோ நின்றுபோன லிஃப்டைச் சரிசெய்துவிட்டு அப்போதுதான் வந்திருந்தார். யூனிஃபார்மைக்கூட மாற்றவில்லை. "சரி, என் போல்ட்டையாவது திருப்பிக் குடுங்க. பட்டறையில தேடுறாங்க" என்று மாப்பிள்ளையை ஒற்றைக் கையால் தூக்கித் தரையில் படுக்கவைத்து, மகளிடமிருந்து சிறு கத்தரியை வாங்கி முதுகைப் பிரித்தார்.

"ஐயோ, அதை நான் பிரிக்கிறேன்!" என்று அக்கா திரும்புவதற்குள் பச்சைத் துணி வெளியே வந்துவிட்டது.

"என்னம்மா இது, இவ்ளோ பெரிய துண்டு?"

"வேஸ்ட்டுங்க."

"விரல்கடைத் துணியைக்கூட எதுக்காவது ஆகும்னு எடுத்து வைக்கிற ஆளு நீ. இது முழு முதுகு."

மகள் துணியைத் தரையில் விரித்தாள். "அம்மா, சாக்பீஸ் கோடு இப்படிப் போகுது. வெட்டு அப்படிப் போகுது. யார் வெட்டுனது?"

"மாப்பிள்ளைதான்."

கணவர் தரையில் உட்கார்ந்தபடியே நிமிர்ந்து பார்த்தார். "டாக்டர் நிஜமா என்ன சொன்னாரு?"

அக்கா மாவுப் பொட்டலத்தின் வாயைச் சுருட்டினார், பிரித்தார், மறுபடி சுருட்டினார். "ஆறு வாரம். கையை முறுக்குற வேலை எதுவும் கூடாது. மாவைத் தொடவே கூடாதுன்னாரு. கேக்கலைன்னா அப்புறம் கத்தரியே பிடிக்க முடியாதுன்னாரு."

"அப்ப எழுந்திரு, செருப்பைப் போடு. இப்பவே போய் மெஷினை வாங்கிட்டு வந்துடலாம். எண்ணூறு வாட்டு..."

"வாங்கி எங்க வைப்பீங்க? சிவப்புலதான் நான் பொய் சொன்னேன். கறுப்பு பதினொண்ணும் நிஜம்."

"அப்ப ரொட்டியை நிறுத்தித் தொலை. ஆறு வாரம் ரொட்டி இல்லாட்டி யாரும் செத்துட மாட்டாங்க."

"அப்பா, ஈஸ்ட்டு!" என்றாள் மகள். நுரை பொங்கி, டம்ளர் விளிம்பைத் தாண்டி, மேடையில் மெல்ல வழிந்துகொண்டிருந்தது.

அக்கா அதைத் துடைக்கவில்லை. தரையில் கிடந்த ஒன்பது கிலோவைப் பார்த்தார். அதைச் சற்றுமுன் ஒற்றைக் கையால் இறக்கிவைத்தவரையும் பார்த்தார். ஒரு மாதமாக வாட்டும் இஞ்சும் பேசிய வீடு; அந்தக் கையை யாரும் கணக்கில் சேர்க்கவில்லை.

"இங்க வாங்க."

"எதுக்கு?"

"கையை நீட்டுங்க."

சட்டைக்கு அளவெடுக்கப் போகிறாள் போல என்று கணவர் பழக்கதோஷத்தில் எழுந்து தோளை நிமிர்த்தி, இரண்டு கையையும் நீட்டினார். அப்புறம்தான் அவருக்கு உறைத்தது. "மாவு பிசையறதெல்லாம் எனக்கு எங்க வரும்? கையெல்லாம் கிரீஸ் வாசனை."

"சோப்பு இருக்கு."

அக்கா இடது கையால் அவர் மணிக்கட்டுப் பட்டனைக் கழற்றினார். முழுக்கைச் சட்டையை ஒவ்வொரு மடிப்பாக, சுருக்கம் விழாமல், முழங்கைக்கு மேல்வரை ஏற்றினார். அடுத்த கைக்கும் அப்படியே. பிறகு ஓரடி பின்னால் நகர்ந்து, தலையைச் சாய்த்து இரண்டு பக்கத்தையும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, வலது கை மடிப்பை மட்டும் அரை இஞ்சு கீழே இறக்கிவிட்டார்.