கோதண்டத்தின் கம்பளி மேலங்கி

கோதண்டம் போய்விட்டான். காலையில் அவன் மகன் போன் செய்தான்... தூக்கத்திலேயே.

ஐம்பதுகளில் செங்கல்பட்டுப் பக்கம் ஒரு சர்க்கார் ஆட்டுப் பண்ணையில் நாங்கள் ஒன்றாக வேலை பார்த்தோம். யாருக்கும் அடங்காத வாய் அவனுக்கு. 'ராஜா' என்ற பொலிகிடாவிடம் மட்டும் குழைவான்.

அப்போது எங்கள் பண்ணையைப் பார்க்க ரஷ்யாவிலிருந்து ஒரு குழு வந்தது, கூடவே ஒரு மொழிபெயர்ப்பாளர். அதில் குர்பான் என்று ஒரு மேய்ப்பர். ரஷ்யாக்காரர் என்றால் தலையை ஆட்டி மறுத்து, "ருத்துல்" என்று நெஞ்சைத் தட்டிக் காட்டுவார். காக்கேசிய மலை ஜனங்கள். கோடையில் மந்தையோடு மலையேறி, குளிருக்கு முன் நாள்கணக்கில் நடந்து சமவெளிக்கு இறங்குவார்களாம்.

முதலில் அவர்களை மகாபலிபுரம் கூட்டிப்போனோம். குர்பான் கடலைச் சும்மா ஒரு பார்வை பார்த்தார். பால் கறக்கும் சிற்பத்தின் முன்னால் அரை மணி நேரம். கறக்கிறவனுக்குத் தொழில் தெரிந்திருக்கிறது என்று சர்டிபிகேட் வேறு.

அந்த மே மாத வெயிலில் அவர் தோளில் ஒரு கறுப்பு மேலங்கி. ஆட்டு ரோமத்தை நெய்யாமல், நனைத்து அழுத்திச் செய்தது. மலையில் மழைக்குக் கூரையும் அதுதான், படுக்கையும் அதுதானாம்.

நம்ம ஆள் சும்மா இருப்பானா... தடவிப் பார்த்து, "ஷோக்கா கீது சார்" என்றான்.

மொழிபெயர்ப்பாளர் அதைச் சொன்ன மறு நிமிஷம் மேலங்கி கோதண்டத்தின் தோளில்.

"இன்னா சார் இது, எனக்கு வாணாம்."

"வாங்கிக்கய்யா. ஒருத்தர் நல்லா இருக்குன்னு சொல்லிட்டா அந்தப் பொருளக் குடுத்துடணும், அது அவங்க வழக்கம். வேணாம்னா அவமானம்," என்றார் மொழிபெயர்ப்பாளர்.

திரும்பும்போது வேனில் வேர்த்துக் கொட்ட உட்கார்ந்திருந்தவன் திடீரென்று என் கையைப் பிடித்தான்.

"மச்சான், இந்த ஆளு ராஜாவப் பாத்து நல்லா கீதுன்னு சொல்லிட்டா? நான் குடுத்தாவணுமே. சர்க்கார் கெடாடா. வேலை பூடும்."

வாங்கிக்கொண்டவன் கொடுத்தே ஆக வேண்டும் என்பதில் அவனுக்குச் சந்தேகமே இல்லை. அவ்வளவு ரோஷம்.

வேன் நின்றதும் ஓடினான். நாங்கள் கொட்டகைக்குப் போனபோது மேலங்கியைப் போர்த்திக்கொண்டு மூலையில் குந்தியிருந்தான். வயிறு மட்டும் பானை மாதிரி.

"வயித்து வலி சார்," என்றான். வயிறு "மே" என்றது.

குர்பான் மேலங்கியின் ஓரத்தைத் தூக்கி, ராஜாவைக் கொம்பிலிருந்து வால்வரை பார்த்தார். அவர் கண் விரிந்ததை நான் பார்த்தேன். பிறகு கோதண்டத்தின் முகத்தைப் பார்த்தார். காறித் துப்பிவிட்டு ஏதோ சொன்னார்.

"இவ்வளவு மட்டமான கெடாவ அவர் பார்த்ததே இல்லையாம்," என்றார் மொழிபெயர்ப்பாளர்.

வேலை தப்பியது. ஆனால் கோதண்டத்தின் முகம் செத்துவிட்டது.

கிளம்பும்போது மொழிபெயர்ப்பாளர் என் காதில் சொன்னார்: "வேன்ல ஏறினதுலேர்ந்து அந்தக் கெடாவத்தான் புகழ்ந்துக்கிட்டிருக்கார். உன் சிநேகிதன்கிட்ட மட்டும் சொல்லிடாதேங்கறார்."

நான் அன்றைக்கே சொல்லிவிட்டேன். அவன் நம்பவில்லை. அறுபது வருஷத்துக்கு மேல் ஒரே பாட்டு... "அந்தாளுக்கு ஆட்டப் பத்தி இன்னா தெரியும்?"

இன்று போனேன். ஐஸ் பெட்டிக்குள் கழுத்துவரை அந்தக் கறுப்பு மேலங்கி.

"அப்பா சொல்லி வெச்சிருந்தாரு மாமா. பொட்டி குளிரும்னு," என்றான் மகன்.

பாவி... ஷோக்கா கீது மச்சான் என்று வாய்வரை வந்துவிட்டது. சொன்னால் கழற்றிக் கொடுத்துவிடுவான்.

ஒன்றும் சொல்லாமல் வந்துவிட்டேன். போய் வா கோதண்டம்.