தங்கை வீட்டுக் காரின் உயரம்

என் தங்கை வீட்டுப் பழைய காருக்கு, உயரம் குறைய குட்டை ஸ்பிரிங் போட்டார்கள். தரையோடு பதிந்து அது ராஜவீதியில் போன அழகைப் பார்த்து எனக்கு வயிறு எரிந்தது. அவளிடம் போய் விவரம் கேட்பதா? என் கணவரை நச்சரித்து எங்கள் காருக்கும் குட்டை ஸ்பிரிங் மாட்ட வைத்தேன்.

அந்த வெள்ளிக்கிழமையே மாகறல் கோயிலுக்குக் கிளம்பினோம். ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறிய கார், அதன்பின் குதிப்பதை நிறுத்தவே இல்லை. ஸ்டியரிங் கணவருக்குப் பிடிபடவில்லை. சாலையோரம் மாடு அவிழ்த்து நிறுத்தியிருந்த வைக்கோல் வண்டியில் போய் முட்டி நின்றோம். வைக்கோலால் பிழைத்தோம்.

கேள்விப்பட்டு ஓடிவந்த தங்கை, "ஷாக் அப்சார்பரையும் சேத்து மாத்தணும்கா, குதிக்காம அடக்குறதே அதுதான். நாங்க மாத்தினோமே! என்னாண்ட ஒரு வார்த்தை கேக்கக் கூடாதா?" என்றாள்.

இப்போதெல்லாம் அவள் எது வாங்கினாலும் முதல் ஆளாகப் போய் முழு விவரமும் கேட்டுக்கொள்கிறேன். பொறாமைப்படுவதை வீட்டுக்கு வந்து வைத்துக்கொள்கிறேன்.