வெறும் வெள்ளைப் பொத்தான்கள்

ஹட்டனில் ஒரு தையல் கடைக்கு மேலே வாடகைக்கு அறை எடுத்து, நானும் ஓர் அக்காவும் கொழும்புக் கம்பனி ஒன்றுக்கு இணையப் பக்கங்கள் எழுதிக்கொண்டிருந்தோம். அக்கா நோட்டன் பிரிட்ஜிலிருந்து பஸ்ஸில் வருவார். பல வருடங்கள் தோட்டப் பாடசாலையில் கணக்குப் படிப்பித்துவிட்டு, நாற்பதை நெருங்கும்போது இந்த வேலையைக் கற்றுக்கொண்டு வந்தவர். வயதில் மூத்தவர், வேலையில் எனக்குப் பின்னால் சேர்ந்தவர். அதனால் ஒருவரின் பிழையை மற்றவர் சொல்ல இருவருமே தயங்குவோம்.

அப்போது ஒரு கண் சிகிச்சை நிலையத்துக்காக, டொக்டரைப் பார்க்க நேரம் பதியும் தளம் ஒன்றைச் செய்தோம். பக்கமெங்கும் பொத்தான்கள். பெரியதா சிறியதா, பச்சையா சிவப்பா, அமுக்கலாமா கூடாதா என்று ஒவ்வொன்றுக்கும் சில பண்புகள் உண்டு. அவற்றைப் பார்த்து அதற்குரிய சிஎஸ்எஸ் கிளாஸ் பெயர்களைக் கொடுத்தால்தான் பொத்தானுக்கு நிறமும் அளவும் வரும். அதை ஒவ்வொரு கோப்பிலும் தனித்தனியே எழுதி வைத்திருந்தோம். அக்காவுக்கு அது பொறுக்கவில்லை. எல்லாவற்றையும் ஒரே உதவி ஃபங்ஷனுக்குள் கொண்டுவந்தார். பண்புகளைக் கொடுத்தால் போதும், பெயரின் முன்பாதியோடு நிறத்தின் பெயரை ஒட்டி, முழுப் பெயராக அது திருப்பித் தரும்.

"இனிமே புதுசா ஒரு நிறம் வந்தாக்கூட இதத் தொட வேணாம்," என்றார். அவர் அவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் பார்த்ததில்லை.

தளம் வெளியான மறுநாள் காலை, அக்கரப்பத்தனையிலிருந்து அம்மா ஃபோன் பண்ணினார். அப்பாவுக்குக் கண்ணில் பூ விழுந்திருந்தது. அன்று மத்தியானம் அதே நிலையத்தில் டொக்டரைப் பார்க்க நான்தான் பதிந்து கொடுத்திருந்தேன். வருவதை உறுதிசெய்யப் பச்சைப் பொத்தானை அமுக்க வேண்டும், ரத்துசெய்யச் சிவப்பை, அவ்வளவுதான்.

"புள்ள, இதுல ரெண்டு கட்டம் வெறும் வெள்ளையா இருக்கு. எழுத்து ஒண்ணும் இல்ல."

"அமுக்காதீங்கம்மா, கொஞ்சம் பொறுங்க."

"ஒண்ண அமுக்கிட்டேனே. பதிவு ரத்துன்னு வருது. அப்பா சட்டையப் போட்டுக்கிட்டு நிக்கிறாரு. நானும் காலையில வேலைக்குப் பேர் குடுக்க பெரட்டுக்குப் போகல."

என் கணினியில் திறந்தேன். பச்சையும் சிவப்பும் பளிச்சென்று இருந்தன. ஃபோனில் வெளித் தளத்தைத் திறந்தபோது அம்மா சொன்னதுதான் சரி. பொத்தானின் நிறம் போய்விட்டது, அதன் மேலிருந்த வெள்ளை எழுத்து வெள்ளைக்குள் கரைந்துவிட்டது.

காரணம் பிடிபடக் கொஞ்ச நேரம் எடுத்தது. தளத்தை வெளியிடும்போது, யாரும் பயன்படுத்தாத கிளாஸ்களை ஒரு கருவி நீக்கிவிடும். எழுதிய கோப்புகளில் முழுப் பெயர் கண்ணில் பட்டால்தான் விட்டுவைக்கும். அக்காவின் ஃபங்ஷனிலோ பெயர் பாதி பாதியாகத்தான் கிடந்தது. எங்கள் கணினிகளில் மட்டும் இருந்த, வெளியே போகாத மாதிரிப் பக்கத்தில் அந்தப் பெயர்கள் முழுதாக இருந்ததால் அங்கே நிறம் போகவில்லை, எங்களுக்கு ஒன்றும் தெரியவில்லை.

அக்கா நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு ஜன்னல் பக்கம் போய் நின்றார்.

"நான் பள்ளிக்கூடத்துலயே இருந்திருக்கலாம்," என்றார். "கணக்க பிழையாப் போட்டா போர்ட அழிச்சிட்டு திருப்பிப் போடலாம். இங்க ஒரு மனுசன் கண்ணு தெரியாம சட்டையப் போட்டுக்கிட்டு நிக்கிறாரு."

"ஃபங்ஷன் நல்லதுதாங்க்கா. பேர ஒட்டுறத மட்டும் மாத்துவோம். வாங்க."

கொழும்பிலிருந்த எங்கள் பொறுப்பாளர் அழைத்தார். அக்கா நின்றபடியே, தனக்குத் தெரிந்த சிங்களத்தில் விளக்கினார். பொறுப்பாளர் கடிந்துகொள்ளவில்லை. மாதிரிப் பக்கத்தைப் பார்த்து நம்பியவர்களில் தானும் ஒருவன் என்று சொல்லி, எவ்வளவு நேரம் வேண்டும் என்று மட்டும் கேட்டார்.

ஒவ்வொரு நிறத்துக்கும் முழுப் பெயரை எழுதி, பண்பைப் பார்த்து அதிலிருந்து எடுத்துத் தரும்படி அக்காவே ஃபங்ஷனை மாற்றினார். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். பகல் சாப்பாட்டுக்கு முன்பே நிறங்கள் திரும்பின. ஆனால் அப்பாவின் நேரம் வேறொருவருக்குப் போயிருந்தது.

"அம்மா நம்பரக் குடு," என்றார் அக்கா.

நான் வேண்டாம் என்றேன். அக்கா கேட்கவில்லை. ஸ்பீக்கரில் போட்டேன்.

"நான்தாங்க அந்தப் பொத்தான எழுதினது. என்னாலதான் இன்னைக்கு உங்க பயணம் கெட்டுப்போச்சு."



"டீச்சரா பேசுறீங்க?" என்றார் அம்மா. வீட்டில் அக்காவைப் பற்றி நான் அப்படித்தான் சொல்லியிருந்தேன். "நான் ஏதோ ஃபோன உடைச்சிட்டேன்னு பயந்து போயிட்டேன். காலையிலேருந்து இவரு என்னயத்தான் ஏசுறாரு. இருங்க, அவருகிட்ட குடுக்குறேன், இத அப்படியே சொல்லுங்க."

அக்கா அப்பாவிடமும் அப்படியே சொன்னார். சொல்லி முடித்தபோது அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது, கண்ணையும் துடைத்துக்கொண்டார்.

அடுத்த வாரம் இன்னொரு நேரம் கிடைத்தது. எனக்கு அன்று கூட்டம் இருந்ததால், அக்கா அரை நாள் லீவு போட்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போய் இருவரையும் டொக்டரிடம் கூட்டிக்கொண்டு போனார். மாலையில் மூவரும் அறைக்கு ஏறி வந்தார்கள். அப்பாவின் ஒரு கையை அம்மாவும் மறு கையை அக்காவும் பிடித்திருந்தார்கள். ஒப்பரேஷனுக்கு நாள் குறித்துவிட்டதாக அம்மா மூச்சு வாங்கச் சொன்னார்.