சலூன் நாற்காலியில் படித்த கல்லூரி

கல்லூரி வாசலுக்கு எதிரே சலூன் வைத்திருப்பவருக்குக் கத்திரி என்று பெயர். வைத்தது மாணவர்கள். ப்ளஸ் டூ முடித்த கையோடு கடையில் இறங்கியவருக்கு, நாற்பதை எட்டிப் பார்க்கும் வயதில் பட்டம் வாங்கும் ஆசை வந்துவிட்டது. மாலை வகுப்பு, வணிகவியல்.

மனிதர் சும்மா இருக்கவில்லை. முடி வெட்ட வந்தவர்களிடம் வாய் கொடுத்தே கல்லூரிப் பாஷையைக் கற்றுக்கொண்டார். செமஸ்டர் என்பது அரை வருஷப் புலம்பல். இன்டர்னல் மார்க் என்பது வாத்தியாரின் கோபதாபம். அட்டெண்டன்ஸ் எப்போதும் பத்தாது. அரியர் எல்லோருக்கும் உண்டு. எத்தனை என்பதில்தான் ஆளுக்கு ஆள் வித்தியாசம்.

இவ்வளவும் தெரிந்த பிறகு யாருக்குத்தான் தைரியம் வரும்? சேர்க்கையின் கடைசி நாள் மதியம், பக்கத்தில் ஜெராக்ஸ் கடை நடத்தும் மனைவி வந்து நின்றார்.

"இன்னும் கிளம்பலியா?"

"விடும்மா. உள்ள போனவன் ஒருத்தனும் நல்லபடியா வெளிய வரல. நேத்து வந்தவனுக்கு ஆறு அரியர்."

"ஏங்க, அது என்ன அம்மையா, எல்லாருக்கும் ஒரு தடவ வந்துட்டுப் போக? ஃபெயிலான பாடத்தத் திரும்ப எழுதணும், அவ்வளவுதான். ஃபெயிலானவன் உங்ககிட்ட தலையக் குடுத்துட்டு அழுவுறான். பாஸானவன் எங்கிட்ட வந்து சர்டிபிகேட்ட ஜெராக்ஸ் எடுத்துக்கிட்டு இன்டர்வியூவுக்கு ஓடுறான்."

"அப்ப பாஸாகுறவனுக்கு முடியே வளராதா?"

"வளரும். இதோ உக்காந்திருக்கே இந்தப் புள்ள, கேளுங்க."

நாற்காலியில் பாதி வெட்டிய தலையோடு ஒரு மாணவர் கண்ணை மூடியிருந்தார். மாதாமாதம் வருபவர், வந்ததும் தூங்குபவர்.

"தம்பி, உனக்கு எத்தன அரியர்?"

"இல்லண்ணே."

"இன்னும் வரலியா?"

"படிச்சா வராதுண்ணே."

"அடப்பாவி! இத்தன நாளா ஏன் சொல்லல?"

"நீங்க கேக்கவே இல்லியே."

கத்திரி கேட்க ஆரம்பித்தார். கிரெடிட்னா என்ன? ஒவ்வொரு பாடத்துக்கும் இத்தனை என்று உண்டு, தேறினால் நம் கணக்கில் ஏறும், வேண்டிய அளவு சேர்ந்தால் பட்டம். அட்டெண்டன்ஸ்? வகுப்புக்குப் போனால் வரும். பதில்கள் இவ்வளவு சப்பென்று இருக்கும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை.

"ஆபீஸ் எப்ப மூடுவாங்க?"

"இன்னும் கொஞ்ச நேரத்துல... அண்ணே, என் தலை?"

கத்திரி அதற்குள் பாதிச் சாலையைத் தாண்டியிருந்தார். மனைவி சான்றிதழ்களோடு பின்னாலேயே ஓடினார். மாணவர் வேறு வழியில்லாமல் மறுபடி தூங்கினார்.

இப்போது மாலையானால் கத்திரி முதல் பெஞ்சில் இருக்கிறார். படிப்பில் அவ்வளவு அக்கறையா என்று விரிவுரையாளர் மெச்சினார். அக்கறை உண்டுதான். ஆனால் பின்னால் உட்கார்ந்தால் வரிசையாக நாற்பது பிடரி தெரிகிறது. பாடத்தில் மனசு நிற்க மாட்டேன் என்கிறது.